ரத்தம் உடலைச் சுற்றும் வழி: ஆட்டு இதயத்தையும் உங்கள் கையையும் வைத்து ஒரு முழு வழிகாட்டி

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் நர்சிங் படிப்பவர்களுக்கும் கடலூரில் மாலை நேரத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதயத்தின் படத்தை அவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். அம்புக்குறி, பெயர், சிவப்பு, நீலம் எல்லாம் சரியாக இருக்கும். "கையில் ஊசி வழியாக ஏற்றிய மருந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் இதயத்துக்குள் எத்தனை முறை நுழையும்?" என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு முறை என்பது விடை. ஏன் என்று இந்த வழிகாட்டியில் போகப் போகத் தெரியும்.

மனப்பாடம் செய்ய வேண்டியது இதில் மிகக் குறைவு. இரண்டே விதிகள்தான். ஒன்று, அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் ரத்தம் ஓடும். இரண்டு, வால்வு ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். இதயம் செய்வதெல்லாம் இறுகி அழுத்தத்தை ஏற்றுவதும், தளர்ந்து இறக்குவதும்தான். ரத்தம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை வால்வுகள் பார்த்துக்கொள்ளும். அடிபம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உள்ளே தோல் வாசர் தேய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் மேலே வராது, ஏறியதும் திரும்பக் கீழேயே போய்விடும். வால்வு கெட்ட இதயத்துக்கும் அதே கதிதான்.

தொடங்கும் முன்

ஓர் ஆட்டு இதயம் வேண்டும். மனித இதயத்தைப் போலவே ஆட்டுக்கும் நான்கு அறை, நான்கு வால்வு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ மட்டன் கடையில் போய் நின்றுகொண்டு கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கீறிய இதயமாகத்தான் இருக்கும். ரத்தக்கட்டியை எடுப்பதற்காகக் கடைக்காரர் நடுவில் ஒரு வெட்டுப் போட்டு, மேலே இருக்கும் குழாய்களையும் ஒட்ட நறுக்கிவிடுவார். அதனால் முதல் நாளே, "அண்ணே, இதயம் கீறாம, மேல் குழாயோட முழுசா வேணும், பிள்ளைங்க பாக்கணும்" என்று சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள்.

கூடவே ஒரு தட்டு, கூர்மையான கத்தரிக்கோல், ஒரு ஸ்பூன், சொம்பில் தண்ணீர், அப்புறம் நொடிமுள் உள்ள கடிகாரம். எல்லாம் சுத்தமாக இருந்தால், பார்த்து முடித்ததும் இதயத்தை மிளகு போட்டு வறுத்துவிடலாம். வீணாக்க வேண்டியதில்லை.

படி 1: உங்கள் இதயம் எங்கே இருக்கிறது

இடது பக்கம் என்று எல்லோரும் கை வைப்பார்கள். உண்மையில் அது நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் கூரான முனை மட்டும் இடது பக்கம் சாய்ந்து மார்புச் சுவரை ஒட்டி நிற்பதால் துடிப்பு அங்கே தெரிகிறது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, ஐந்தாவது விலா இடைவெளியில் விரல் நுனிகளை வைத்துப் பாருங்கள், தட்டுவது தெரியும். அளவு உங்கள் மூடிய கைமுட்டி அளவு. பெரியவர்களுக்கு எடை ஏறக்குறைய 250 முதல் 350 கிராம்.

படி 2: வெளியிலிருந்தே இடம் வலம் கண்டுபிடியுங்கள்

ஆட்டு இதயத்தைக் கழுவிக் கையில் எடுங்கள். கண்ணுக்குத் தெரிவதை விட விரலுக்கு இங்கே அதிகம் தெரியும். ஒரு பக்கம் தளர்வாக அமுங்கும், அது வலது கீழறை. மற்றொரு பக்கம் கெட்டியாக, அமுக்கினாலும் அசையாமல் நிற்கும். அது இடது கீழறை. கீழ் முனை முழுக்க இடது கீழறைக்குச் சொந்தம். மேலே மடல்களாகத் தொங்குபவை மேலறைகளின் பகுதி. பாடப்புத்தகத்தில் மேலறையை ஏட்ரியம் அல்லது ஆரிக்கிள் என்றும், கீழறையை வெண்ட்ரிக்கிள் என்றும் படித்திருப்பீர்கள்.

முன்பக்கம் சாய்வாக ஒரு பள்ளம் ஓடும். அதில் கொழுப்புக்கு நடுவே மெல்லிய ரத்தக்குழாய் தெரியும். அதுதான் கரோனரித் தமனியின் கிளை, இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுவருவது. கொழுப்பைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மாரடைப்பில் அடைபடும் குழாய் இவ்வளவு சிறியதுதானா என்று பெரும்பாலானவர்கள் கேட்பது இந்த இடத்தில்தான். மனிதர்களுக்கும் அது சில மில்லிமீட்டர் விட்டம்தான்.

படி 3: வலது பக்கத்தைத் திறந்து பாருங்கள்

இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச்செல்லும் குழாய் தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. உடலின் மேல் பாதியிலிருந்து வரும் ரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாகவும், கீழ்ப் பாதியிலிருந்து வருவது கீழ்ப்பெருஞ்சிரை வழியாகவும் வலது மேலறையில் விழுகிறது. ஸ்பூனின் காம்பை அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டால் மேலறையைத் தாண்டித் தடையில்லாமல் கீழறைக்கு இறங்கும். அந்த வழியிலேயே கத்தரிக்கோலை விட்டு நேராக வெட்டித் திறங்கள்.

இப்போது தெரிவதுதான் மூவிதழ் வால்வு. இதழ்கள் மெல்லியவை, பின்னால் ஸ்பூனை வைத்தால் அதன் நிழல் தெரியும். அவற்றின் ஓரங்களிலிருந்து வெள்ளை நாண்கள் புறப்பட்டு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தசைமேடுகளில் போய் முடிகின்றன. ஒரு நாணை விரலால் இழுத்துப் பாருங்கள். நூலளவு மெல்லியதாக இருந்தாலும் லேசில் அறாது. கீழறை இறுகும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது இந்த நாண்கள்தான். வால்வைத் திறப்பதும் மூடுவதும் அவற்றின் வேலையல்ல. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், விடைத்தாளில் மதிப்பெண் போவதும் இங்கேதான். திறப்பதும் மூடுவதும் இரண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம்.

வலது கீழறை இறுகியதும் ரத்தம் நுரையீரல் தமனிக்குள் ஏறுகிறது. அதன் வாயில் மூன்று சிறு பைகள் மேல்நோக்கித் திறந்திருக்கும். அவை அரைச்சந்திர வால்வு. ரத்தம் திரும்பி இறங்கப் பார்த்தால் பைகள் நிரம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இங்கே அழுத்தம் குறைவு. வலது கீழறை எட்டும் உச்ச அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களும் தளர்வானவை, அதற்கு இது போதும். கூடினால்தான் ஆபத்து. நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் தேங்கி மூச்சுத் திணறும்.

படி 4: நுரையீரலில் முக்கால் நொடி

நுரையீரலுக்குள் குழாய்கள் பிரிந்து பிரிந்து தந்துகிகளாகின்றன. ஒரு தந்துகியின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சிவப்பணுவின் குறுக்களவே 7, 8 மைக்ரான் என்பதால் பல இடங்களில் அவை ஒற்றை வரிசையில், உடலைச் சற்று வளைத்துக்கொண்டுதான் போக முடியும். ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க ஆகும் நேரம் ஏறக்குறைய முக்கால் நொடி. அதில் முதல் கால் நொடிக்குள்ளேயே ஆக்சிஜன் நிரம்பிவிடும். மிச்ச நேரம் கையிருப்பு. ஓடும்போது ரத்தம் வேகமாகக் கடந்தாலும் நிரம்பாமல் போவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலது பக்கத்தில் இருப்பது "கெட்ட ரத்தம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். உடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தத்திலும் ஓய்வு நேரத்தில் ஆக்சிஜன் செறிவு 75 சதவீதம் அளவுக்கு இருக்கும். கொரோனா காலத்தில் ஆளுக்கொன்று வாங்கி வைத்த ஆக்சிமீட்டரில் 97, 98 என்று காட்டுவது தமனி ரத்தத்தின் அளவு. சிரை ரத்தம் நீலமும் இல்லை. ரத்ததான முகாமில் பையைப் பாருங்கள், கருஞ்சிவப்பாக இருக்கும். அது சிரையிலிருந்து எடுத்ததுதான். தோலுக்கு மேலே நீலமாகத் தெரிவது வெளிச்சம் செய்யும் வேலை.

ஊசிக் கேள்விக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. கைச் சிரையில் ஏற்றிய மருந்து முதலில் வலது இதயம், பிறகு நுரையீரல், பிறகு இடது இதயம், அதற்குப் பிறகுதான் மூளை. கால் சிரையில் உருவாகும் ரத்தக்கட்டி பிய்ந்தால் நுரையீரலில் போய் அடைப்பதும், இடது மேலறையில் உருவாகும் கட்டி பிய்ந்தால் மூளையில் அடைத்துப் பக்கவாதம் வரக்கூடியதும் இதே பாதையால்தான். பாதை தெரிந்தால் நோயும் பாதி புரிந்துவிடும்.

இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்பும் இந்தச் சிறு சுற்றை முதலில் சரியாக எழுதியவர் 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவராக இருந்த இப்னு அல் நஃபீஸ். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வலமிருந்து இடமாக ரத்தம் கசிகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஓட்டை இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்றார் அவர். உங்கள் தட்டில் இருக்கும் இதயத்தின் கீழறை நடுச்சுவரையும் தடவிப் பாருங்கள், கெட்டித் தசைதான்.

படி 5: இடது பக்கம், தண்ணீர் ஊற்றி ஒரு சோதனை

நான்கு நுரையீரல் சிரைகள் வழியாக ரத்தம் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து ஈரிதழ் வால்வைத் தாண்டி இடது கீழறை. டாக்டர்கள் மிட்ரல் வால்வு என்பது இதைத்தான்.

இந்தப் பக்கத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். இடது மேலறையின் மேல்பகுதியை மட்டும் வட்டமாகக் கத்தரித்து எடுத்துவிட்டு, கீழறை நிரம்பும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு கீழறையை உள்ளங்கைக்குள் வைத்து ஒரே அமுக்காக அமுக்குங்கள். ஈரிதழ் வால்வின் இதழ்கள் மேலே எழும்பி உப்பிச் சேர்ந்துகொள்ளும், இடது கீழறையிலிருந்து கிளம்பும் பெருந்தமனி வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். சட்டை நனையும், பரவாயில்லை. உங்கள் நெஞ்சுக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் நடப்பது அப்படியே இதுதான்.

அடுத்து பெருந்தமனியை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். அரைச்சந்திர வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கும். ஆனால் மட்டம் மெதுவாக இறங்கும். வால்வு ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம். வால்வுக்குச் சற்று மேலே, பெருந்தமனிச் சுவரில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன, கரோனரித் தமனிகளின் வாய்கள். தண்ணீர் அவற்றின் வழியாக இதயத் தசைக்குள் இறங்குகிறது. அதாவது பெருந்தமனியிலிருந்து பிரியும் முதல் கிளையே இதயத்துக்குத்தான். இன்னொன்றும் இருக்கிறது. கீழறை இறுகும்போது இடது பக்கத் தசைக்குள் ஓடும் குழாய்களும் நசுங்கிவிடுவதால், இடது கீழறைக்குப் பெரும்பகுதி ரத்தம் கிடைப்பது அது தளரும் நேரத்தில்தான். இதயம் மிக வேகமாக அடித்தால் குறைவது தளரும் நேரம். குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது இடது கீழறையை வெட்டித் திறந்து சுவரின் தடிமனை வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மனித இதயத்தில் வலது கீழறைச் சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர், இடது சுமார் 1 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் ரத்தம் ஒரே அளவு, ஏறக்குறைய 70 மில்லி. ஒன்றில் கூடி மற்றொன்றில் குறைந்தால் நுரையீரலிலோ உடலிலோ ரத்தம் தேங்கிவிடும். அளவு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு. இடது பக்கம் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்ற வேண்டும். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் சொருகிப் பார்த்தார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது என்று 1733இல் எழுதினார். ரத்த அழுத்தத்தை அளந்த முதல் முயற்சி அது.

வால்வு பற்றி வீட்டுக்குத் தேவையான ஒரு செய்தி. சிறு வயதில் வரும் ஒருவகைத் தொண்டைப்புண்ணை அலட்சியம் செய்தால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, பல ஆண்டுகள் கழித்து மிட்ரல் வால்வு சுருங்கிப்போகும். நம் நாட்டில் இளவயதினருக்கு வால்வுக் கோளாறு வர இது முக்கியக் காரணம். காய்ச்சலோடு தொண்டை வலி என்றால் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள், கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

படி 6: லப், டப் எங்கிருந்து வருகிறது

டிஷ்யூ பேப்பர் ரோலின் உள்ளே இருக்கும் அட்டைக்குழாயை எடுத்து, ஒரு முனையை வீட்டில் யாருடைய மார்பிலாவது வைத்து மறு முனையில் காதை வையுங்கள். "லப்" என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இரண்டு வால்வுகள் மூடும் சத்தம். "டப்" என்பது அரைச்சந்திர வால்வுகள் மூடுவது. பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் 1816இல் காகிதத்தைச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டதில்தான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 1823இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான்.

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் மேலறை இறுகுவது 0.1, கீழறை இறுகுவது 0.3, மிச்சம் 0.4 நொடி எல்லா அறைகளும் ஓய்வு. கீழறை நிரம்புவதில் பெரும்பகுதி இந்த ஓய்வு நேரத்தில் தானாகவே நடந்துவிடும். மேலறை கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளுகிறது, அவ்வளவே.

துடிக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு எதுவும் வருவதில்லை. வலது மேலறையின் சுவரில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சைனஸ் கணு என்ற சிறு திசு தானாகவே மின்தூண்டலை உண்டாக்குகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள இன்னொரு கணுவில் சுமார் 0.1 நொடி தாமதப்பட்டு, பிறகு கீழறைகளுக்குள் பாய்கிறது. இந்தத் தாமதம் இல்லாவிட்டால் மேலறை காலியாவதற்கு முன்பே கீழறை இறுகிவிடும். நரம்புகள் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதோடு சரி.

படி 7: பெருந்தமனியிலிருந்து உடல் முழுக்க

ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு. பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் மொத்த ரத்தமும் சுமார் 5 லிட்டர்தான். ஆகவே சராசரியாக ஒரு நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று. நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டருக்கு மேல்.

இதே மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் 1628இல் வில்லியம் ஹார்வி பழைய கொள்கையைக் கவிழ்த்தார். ஈரல் தினமும் சாப்பாட்டிலிருந்து புது ரத்தம் செய்கிறது, உடல் அதைக் குடித்துத் தீர்க்கிறது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. மணிக்கு 300 லிட்டர் ரத்தம் செய்ய எத்தனை படி அரிசி பொங்குவது? அதே ரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பதைத் தவிர வேறு வழியில்லை. தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகியை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1661இல் மல்பீஜி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலை வைத்து அதையும் பார்த்துவிட்டார்.

ஐந்து லிட்டரும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடப்படுவதில்லை. ஓய்வில் சிறுநீரகங்கள் இரண்டும் ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றன, இரண்டும் சேர்ந்து 300 கிராம்கூட வராமல் இருந்தும். மூளைக்கு 15 சதவீதம். குடலுக்கும் ஈரலுக்கும் கால்வாசி. குடலிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குள் நுழைந்து சோதனையாகிவிட்டுத்தான் வரும். நெஞ்சு வலிக்குத் தரும் ஒரு மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். விழுங்கினால் ஈரல் அதில் பெரும்பங்கைச் சிதைத்துவிடும். நாக்கின் அடியிலிருந்து அது நேரே சிரையில் சேர்ந்து வலது இதயத்துக்குப் போகும்.

பங்கீட்டை மாற்றுபவை சிறு தமனிகள். அவற்றின் சுவர்த் தசை இறுகினால் அந்த உறுப்புக்கு ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். ஓடும்போது தசைகளுக்கே 80 சதவீதம் வரை போகும். கத்திரி வெயிலில் சூட்டை வெளியேற்றத் தோலுக்குக் கூடுதலாகப் போகும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வெயிலில் அசையாமல் நிற்பவர்களில் சிலர் சரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கொஞ்சம் ரத்தம், காலில் தேங்கியது கொஞ்சம், வியர்வையில் நீரும் போய் மூளைக்கு ஏற்றும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

இப்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு. விரலில் தட்டுவது இதயத்திலிருந்து அப்போது புறப்பட்ட ரத்தம் அல்ல. குழாய்ச் சுவரில் ஓடும் அழுத்த அலை. அலை நொடிக்குப் பல மீட்டர் ஓடும். ரத்தம் பெருந்தமனியிலேயே நொடிக்குச் சில பத்து சென்டிமீட்டர்தான்.

படி 8: தந்துகி, அப்புறம் கசிந்த நீர்

கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விட்டால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பாகும். தந்துகிகள் காலியாகி நிரம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். கோடிக்கணக்கான தந்துகிகளின் மொத்தக் குறுக்குப்பரப்பு பெருந்தமனியை விடப் பல நூறு மடங்கு பெரியது. அதனால் இங்கே ரத்தம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்கிறது. ஆக்சிஜனும் சர்க்கரையும் திசுவுக்குள் இறங்க, கார்பன் டை ஆக்சைடு ஏற, அந்த நிதானம் வேண்டும். இவ்வளவு சுற்றும் தந்துகிக்குள் போகும் இந்தச் சிறு தூரத்துக்காகத்தான்.

தந்துகியிலிருந்து கொஞ்சம் நீரும் கசியும். பெரும்பகுதி திரும்பிவிடும். மிஞ்சுவதை நிணநீர்க் குழாய்கள் சேகரித்துக் கழுத்தின் அடியில் சிரைகளில் சேர்க்கின்றன, தினமும் சில லிட்டர். இந்தக் குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யானைக்கால் நோயைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். கொசு பரப்பும் ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாயில் குடியிருப்பதால் வரும் வீக்கம் அது. புதுச்சேரியில் 1975 முதல் கொசு முதலிய நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய அரசின் மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். காரணம் சுற்றோட்டத்தில்தான் இருக்கிறது. புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் குழாய்களில் ஒதுங்கிக்கொள்கின்றன. கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலுக்கடி ரத்தத்துக்கு வரும். பகலில் விரலில் குத்தினால் பெரும்பாலும் அகப்படாது.

படி 9: திரும்பி வரும் வழி

தந்துகியைத் தாண்டியதும் அழுத்தம் மிகக் குறைந்துவிடுகிறது. பாதத்திலிருந்து நெஞ்சு வரை மேலே ஏற வேண்டும், தள்ளுவதற்கு ஆளில்லை. முதல் உதவி சிரைகளுக்குள் இருக்கும் வால்வு. அதை உங்கள் கையிலேயே பார்க்கலாம், ஹார்வி செய்து காட்டியதும் இதைத்தான்.

1. கையைக் கீழே தொங்கவிட்டு, முன்கையில் கிளையில்லாமல் நேராக ஓடும் புடைத்த சிரையைத் தேர்ந்தெடுங்கள்.
2. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அதை அழுத்தி அப்படியே வைத்திருங்கள்.
3. வேறொருவரை அந்த இடத்திலிருந்து முழங்கைப் பக்கமாகச் சிரையை வழித்துவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள்.
4. வழித்த பகுதி ஒரு முடிச்சு வரை காலியாகவே இருக்கும். மேலே உள்ள ரத்தம் இறங்கி வராது. அந்த முடிச்சுதான் வால்வு.
5. அழுத்திய விரலை எடுங்கள், கீழிருந்து சட்டென்று நிரம்பும்.

இரண்டாவது உதவி கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது இறுகிச் சிரையை நசுக்க, வால்வு கீழே விடாததால் ரத்தம் மேலே ஏறுகிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதும் ரத்தத்தை மேலே இழுக்கும். புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடும் பெண்களுக்கு மாலையில் கால் வீங்குவது, ஆண்டுகள் போகப் போகச் சிரை சுருண்டு புடைப்பது எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்பதால் வருபவை. நிற்கத்தான் வேண்டும் என்றால் அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தியது வெறும் இரக்கத்தால் அல்ல, உடலியலும் அதைத்தான் சொல்கிறது.

உடலின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கும். அங்கிருந்து பெருஞ்சிரைகள், வலது மேலறை. படி 3இல் ஸ்பூன் விட்ட அதே ஓட்டை.

படி 10: இதயம் நின்றுபோனால் கையால் சுற்றவைப்பது

நடு நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்குதல் என்றால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம்.

ஆள் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். அப்போது நெஞ்சை அழுத்தினால் ரத்தம் ஓடுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஓடும். தட்டில் நீங்கள் கீழறையை அமுக்கியபோது என்ன நடந்தது? இதயம் உயிரோடு இல்லை, ஆனால் வால்வு தன் வேலையைச் செய்தது. நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நசுங்கும்போதும் அதேதான், ரத்தம் முன்னோக்கி மட்டுமே போக முடியும்.

108க்குச் சொல்லிவிட்டு அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்துங்கள், மெத்தை வேண்டாம். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அதன் மேல் மறு கை. முழங்கை மடங்காமல், உடல் எடையைக் கொடுத்து, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள், 6ஐத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். பயத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். எழும்பினால்தான் சிரையிலிருந்து இதயம் நிரம்பும், கரோனரிக் குழாய்களிலும் ரத்தம் இறங்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், களைத்த கை ஆழம் போகாது. மாறும்போதும் இடைவெளி சில நொடிக்கு மேல் வேண்டாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையை எடுக்கச் சொல்லும் வரை, அல்லது அவர் தானாக அசைந்து மூச்சுவிடும் வரை நிறுத்தாதீர்கள்.